வில்லாவை வாங்குவது நீங்கள், அதில் இருக்கப் போவது யார்?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 46 வயது. மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம், அப்பா காலத்துக் கடை. சிம்மக்கல் பக்கம் பூர்வீக வீட்டில் நாங்களும் தம்பி குடும்பமும் ஒரே அடுப்பில் இருக்கிறோம். அழகர்கோவில் ரோட்டில் அப்பன்திருப்பதி தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே, மூன்று ஏக்கரில் சுற்றுச்சுவர் போட்டு 40 வில்லாக்கள் கட்டுகிறார்கள். நான்கு பெட்ரூம், தோட்டம், நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், 24 மணி நேரமும் செக்யூரிட்டி. 1 கோடியே 65 லட்சம் சொல்கிறார்கள். பாதிக்கு மேல் விற்றுவிட்டது, வசதியான ஆட்களாகத்தான் வாங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். அந்தக் காற்றும் அமைதியும் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, மனைவிக்கும்தான். பையன் பதினொன்றாம் வகுப்பு, மகள் ஏழாவது. அம்மாவுக்கு 71. அவரிடம் கேட்டதற்கு ‘உங்க இஷ்டம்ப்பா’ என்றார். எனக்குக் கார் இருக்கிறது, மனைவிக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியும், பையனும் ஸ்கூட்டியில் போய் வந்துவிடுவான். மாத முடிவுக்குள் 5 லட்சம் கட்டினால் விலையில் சலுகை உண்டாம். கட்டலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: இந்த மாதம் கட்டாதீர்கள். சலுகை போனால் போகட்டும். அடுத்த மாதமும் அதே சலுகையோடு போன் வரும், பாருங்கள்.

அந்த இடம் மோசம் என்று நான் சொல்லவில்லை. மனை வரைபடம், கட்டட அனுமதி என்று இதே வேலையில் இருக்கிறவன் நான். மதுரையைச் சுற்றி இப்படி ஊருக்கு வெளியே பெரிய வீடு வாங்கிக்கொண்டு போய் சந்தோஷமாக இருக்கிறவர்களையும் தெரியும், கொஞ்ச நாளிலேயே அதைப் பூட்டிப்போட்டுவிட்டு கே.கே.நகரில் வாடகைக்கு வந்துவிட்டவர்களையும் தெரியும். இந்த இரண்டு கூட்டத்தின் வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்கள் யாரையும் கேட்காமல் வெளியே போய்விட்டு வர முடிகிறதா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, செவ்வாய்க்கிழமை இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மே மாதம் சிம்மக்கல்லில் ராத்திரி பதினோரு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும், அங்கே வயலை ஒட்டிய இடத்தில் பொழுது இறங்கியதுமே சூடு தணிந்துவிடும், அது உண்மைதான். லாரிச் சத்தம் இல்லை, பக்கத்து வீட்டு ஏசியின் வெப்பக் காற்று நம் ஜன்னலில் அடிக்காது, காரை நிறுத்த இடம் தேடி ரெண்டு தெரு சுற்ற வேண்டாம். மகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. வடக்கே அழகர்மலை தெரியும், மயில் வரும் (மயில் அழகு, ஆனால் விடியற்காலையில் அது போடும் சத்தத்தை ப்ரோஷரில் யாரும் அச்சடிப்பதில்லை). மனைவிக்குத் தனியாக ஒரு சமையலறை கிடைக்கும். இந்தக் கடைசி விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன், எனக்கென்னவோ அதுதான் முக்கியக் காரணம் என்று படுகிறது.

இப்போது உங்கள் நாளைப் போட்டுப் பார்ப்போம். மொத்தக் கடை, காலையில் ஒன்பதுக்குள் திறக்க வேண்டும், கணக்கு முடித்துச் சாத்த ராத்திரி ஒன்பதரை ஆகும். அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று வந்து, கோரிப்பாளையத்தில் நின்று, 1889-இல் கட்டிய ஏ.வி. பாலத்தில் ஊர்ந்து ஆற்றைத் தாண்ட வேண்டும். மூன்றுமாவடி வரைக்கும் சுகம், அதற்கப்புறம் உள்ள சில கிலோமீட்டர்தான் முழு நேரத்தையும் தின்னும். விற்கிறவர் ‘புதுப் பாலம் வந்துவிட்டதே சார், பறந்து வரலாம்’ என்றிருப்பார். 2023-இல் திறந்த அந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் நத்தம் ரோட்டில் ஊமச்சிகுளம் பக்கம் போகிறது. உங்களுக்கு அது சுற்று வழி. ஆக, காலை எட்டு மணிக்குக் கிளம்பி ராத்திரி பத்தரைக்குத் திரும்புவீர்கள். உங்களுக்குப் பிடித்த அந்தக் காற்றையும் அமைதியையும் வாரத்தில் ஒரு நாள் அனுபவிப்பீர்கள், மற்ற ஆறு நாளும் அங்கே தூங்குவீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் முடிவெடுக்கிற ஆளுக்கும் அங்கே வாழ்கிற ஆட்களுக்கும் அனுபவம் வேறு வேறு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பையன் விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பு என்றால் பதினாறு வயது. பதினாறில் 50 சிசிக்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டிக்குத்தான் உரிமம் கிடைக்கும், நீங்கள் வைத்திருக்கும் ஸ்கூட்டி எப்படியும் 110 சிசியாக இருக்கும். அதற்கு 18 முடிய வேண்டும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, சிறுவன் வண்டி ஓட்டி மாட்டினால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ. வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. சட்டத்தை விடுங்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று வியாபாரியான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டியூஷன் முடிந்து ராத்திரி எட்டரை மணிக்கு தெருவிளக்கு சரியில்லாத அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில், நெல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் அவன் வருவதை நினைத்துப் பாருங்கள்.

அப்போ யார் கொண்டுபோய் விடுவது, யார் கூட்டி வருவது? உங்கள் மனைவிதான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, டியூஷனுக்கு ஒரு தடவை, மகளின் டான்ஸ் கிளாசோ பாட்டுக் கிளாசோ இருந்தால் அதற்கும். மல்லித்தழை மறந்துவிட்டால் அதற்கும்கூட. வசதியான வீடு என்று போய், வீட்டுக்காரம்மாவே முழுநேர டிரைவராகிவிட்ட குடும்பங்கள் ஏராளம். பிறகு டிரைவர் போடுவார்கள், டிரைவர் வராத நாளில் வீடே ஸ்தம்பிக்கும். ஸ்கூட்டியில் தினம் இந்த ரோட்டில் போய் வருவதாக மனைவி நினைத்துத்தான் சரி என்றாரா, இல்லை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று நினைத்தாரா என்று உட்கார்ந்து பேசுங்கள்.

அம்மாவுக்கு வருகிறேன். ‘உங்க இஷ்டம்ப்பா’ என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் மகனிடம் அந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேண்டாம் என்பதைத்தான் சண்டையில்லாமல் சொல்கிறார்கள். சிம்மக்கல்லில் இருக்கிற அம்மா எப்படி இருப்பார் என்று எனக்கு ஓரளவு தெரியும். காலையில் பழைய சொக்கநாதர் கோயிலுக்கு நடந்து போவார், வரும்போது கீரை வாங்குவார், அந்தக் கீரைக்காரியிடம் பத்து நிமிடம் பேசுவார், பிரஷர் மாத்திரை தீர்ந்தால் தெருமுனை மருந்துக் கடையில் பெயர் சொல்லாமலே எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு நாள் வாசலில் கோலம் விழவில்லை என்றால் எட்டு மணிக்குள் யாராவது கதவைத் தட்டி விடுவார்கள். இதில் எதற்கும் உங்களிடம் காசோ வண்டியோ அவர் கேட்டதில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-இலிருந்து டிக்கெட் கிடையாது, அவர் பாட்டுக்கு மருமகளைக் கேட்காமல் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வருவார். அங்கே போனால் பஸ் மெயின் ரோட்டில் நிற்கும், ஒன்றரைக் கிலோமீட்டர் வெயிலில் நடந்து போய் ஏற வேண்டும். கோயிலுக்குப் போக ஒருவர் தயவு, டாக்டரிடம் போக ஒருவர் தயவு. நான்கு பெட்ரூமில் ஒன்றைத் தரைத்தளத்தில், பாத்ரூமில் கைப்பிடி எல்லாம் வைத்து அவருக்குக் கொடுப்பீர்கள், நல்ல பிள்ளைதான் நீங்கள், ஆனால் பகல் பதினோரு மணிக்கு அந்த அறையில் அவர் என்ன செய்வார்?

உடம்புக்கு முடியாமல் போனால் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனை பனகல் சாலையில், பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் கே.கே.நகரிலும் மேலூர் ரோட்டிலும் ரிங் ரோட்டிலும் இருக்கின்றன. ராத்திரியில் ரோடு காலியாக இருக்கும், போய்விடலாம். ஆனால் ராத்திரி இல்லாமல் சாயங்காலம் ஆறரைக்கு நெஞ்சு வலி வந்து, நீங்கள் கடையில், மனைவி பையனைக் கூப்பிட டவுனில் என்றால், வீட்டில் இருப்பது அம்மாவும் ஏழாம் வகுப்புப் பிள்ளையும். 108-க்கு அந்தப் பிள்ளை வழி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பாதுகாப்பு. சுற்றுச்சுவரும் கேட்டும்தான் உங்களுக்குப் பெரிய கவர்ச்சி என்று தெரிகிறது. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். இந்த 40 வில்லாக்களுக்கும் எந்த வகையில் அனுமதி வாங்கியிருக்கிறார்கள்? மனைப்பிரிவாக, அதாவது 40 மனைகளாகப் பிரித்து நகர் ஊரமைப்புத் துறையில் லேஅவுட் அனுமதி வாங்கியிருந்தால், உள்ளே இருக்கும் ரோடு அத்தனையும் தானப்பத்திரம் எழுதி பஞ்சாயத்திடம் ஒப்படைத்திருக்க வேண்டும். அப்படியானால் அது பொது ரோடு. மூன்று ஏக்கர் என்றால் 10,000 சதுர மீட்டருக்கு மேல் வருகிறது, ஆகவே 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக அதே மாதிரி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் ஊருக்குப் பொது. உங்களுக்கு ‘நமது பார்க்’ என்று காட்டியிருப்பார்களே, அது அநேகமாக இந்த இடம்தான். கேட்டில் செக்யூரிட்டி நின்று ‘யார், எங்கே போகணும்’ என்று கேட்கலாம், ஆனால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ‘பஞ்சாயத்து ரோட்டில் போகிறேன், நீ யார் கேட்க?’ என்றால் பதில் இல்லை. மாறாக, மொத்த இடத்தையும் ஒன்றாக வைத்துக் குழுக் கட்டடமாக அனுமதி வாங்கியிருந்தால் உள்வழி தனியாருடையதாக இருக்கலாம், ஆனால் அப்போது உங்களுக்கு மனை தனிப் பட்டாவாக வருமா, பிரிபடாத பங்காக (மொத்த நிலத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு பங்கு) வருமா என்ற கேள்வி வரும். இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது போல விற்கிறவர் பேசுவார். தானப்பத்திர நகல் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

அதோடு கிராம வரைபடமும் எஃப்.எம்.பி. ஸ்கெட்சும் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உள்ள அளவு வரைபடம்) வாங்கி அந்த சர்வே எண்களைப் பாருங்கள், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் ஒப்பிடுங்கள். வண்டிப்பாதை, வாய்க்கால், ஓடை எதுவாவது அந்த மூன்று ஏக்கருக்குள் ஓடுகிறதா? வயலுக்கு மாடு ஓட்டிக்கொண்டு போகிற பாதையைச் சுவர் வைத்து மறித்திருந்தால் இன்று ஊர் சும்மா இருக்கலாம், ஊரில் ஒரு தேர்தல் வந்தால் சும்மா இருக்காது. வாய்க்காலை மூடியிருந்தால் ஊர்க்காரர்களை விட மழை முதலில் கேட்கும். 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதை ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்து நீங்களே பார்த்திருப்பீர்கள். கண்மாய்த் தண்ணீருக்குப் போகிற வழி குறுகினால் நடப்பது அதுதான்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசவே முடியாது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் பெரியாறு பாசனத்தில் இருபோகம், 45,041 ஏக்கர் என்று ஒவ்வொரு வருடமும் தண்ணீர் திறக்கும்போது செய்தியில் வருமே, அந்தப் பகுதியின் வால் பக்கம்தான் நீங்கள் பார்த்த இடம். வைகை அணையிலும் பெரியாறிலும் இருப்பு இருந்தால் ஜூன் மாதவாக்கில் கால்வாயில் தண்ணீர் வரும், வயலில் நிற்கும், நிலத்தடியில் ஊறும், போர்வெல்லில் நன்றாக வரும். இருப்பு இல்லாத வருடம் திறக்க மாட்டார்கள், திறந்தாலும் தள்ளிப்போகும். நீங்கள் எந்த மாதம் போய்ப் பார்த்தீர்கள்? கால்வாய் ஓடும்போது பார்த்துவிட்டு ‘தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை சார்’ என்பதை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். ‘ஆயிரம் அடி போட்டிருக்கோம்’ என்று பெருமையாகச் சொன்னால் சந்தோஷப்பட வேண்டாம். நம் பக்கம் அடியில் கடினப் பாறை, தண்ணீர் பாறையின் விரிசல்களில்தான் நிற்கிறது, ஆழம் போகப் போக விரிசல் குறையும். ஆயிரம் அடி போயிருக்கிறார்கள் என்றால் மேலே கிடைக்கவில்லை என்றுதானே பொருள்? நாற்பது வீடு, நாற்பது தோட்டம், அதற்கு மேல் ஒரு நீச்சல் குளம், எல்லாம் இரண்டு மூன்று போரை நம்பி. சுற்றிலும் உள்ள விவசாயிகளும் அதே தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள். மே மாதம் அந்த ரோட்டில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவரைப் பிடித்து டீ வாங்கிக் கொடுத்து, எந்தக் குடியிருப்புக்கு எத்தனை லோடு போகிறது என்று கேளுங்கள். எந்த இன்ஜினியர் அறிக்கையையும் விட அது சரியாக இருக்கும், நான் இன்ஜினியராக இருந்துகொண்டே சொல்கிறேன்.

நெல் விளைந்த நிலத்தில் மண் கொட்டி மேடாக்கிக் கட்டியிருப்பார்கள். மண் பரிசோதனை அறிக்கை, அஸ்திவாரம் எந்த ஆழத்தில் நிற்கிறது என்ற விவரம், இரண்டும் வாங்குங்கள். ஏற்கெனவே முடிந்த வீடுகளில் காம்பவுண்டுச் சுவருக்கும் போர்ட்டிகோ தரைக்கும் இடையில் விரிசல் ஓடுகிறதா என்று குனிந்து பாருங்கள். அப்புறம் ஹாலில் மேற்கே பார்த்து மேலிருந்து கீழ் வரை கண்ணாடி வைத்திருக்கிறார்களா? இப்போது எல்லா வில்லாவிலும் வைக்கிறார்கள். மதுரையில், மேற்குச் சுவரில், கண்ணாடி. யார் இதற்கு முதலில் யோசனை சொன்னார்களோ தெரியவில்லை. சாயங்காலக் காற்றுக்காக ஊரை விட்டுப் போய்விட்டு நாலு மணிக்கு ஸ்கிரீனை இழுத்து மூடி ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள், பாதாளச் சாக்கடை அங்கே கிடையாது. சுத்திகரிப்பு நிலையம் உண்டு என்பார்கள். ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடாவிட்டால் அது கண்மாய்க்குத்தான் போகும், ஊரோடு சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஊர் என்று சொன்னதும் ஒன்று. நீங்கள் போவது காலி இடத்துக்கு இல்லை, ஏற்கெனவே ஆட்கள் இருக்கிற கிராமத்துக்கு. முளைப்பாரி, புரவி எடுப்பு, கோயில் கொடைக்கு ராத்திரி முழுக்க மைக் செட், அறுவடையில் மெஷின் தூசி, வைக்கோல் புகை எல்லாம் உண்டு. அமைதி வேண்டும் என்று போனவர்கள் போலீசுக்குப் போன் செய்து கெட்ட பெயர் வாங்கிக்கொண்டதும் உண்டு. வேலைக்கு வருகிற அக்கா, தோட்டக்காரர், பிளம்பர், பால்காரர் எல்லோரும் அந்த ஊர் ஆட்கள்தான். மைக் செட்டுக்குக் காதைப் பொத்திக்கொள்கிற வீட்டுக்கு அவசரத்துக்கு யாரும் வர மாட்டார்கள், திருவிழாவுக்கு வரி கொடுத்து முன்னால் போய் நிற்கிற வீட்டுக்கு வருவார்கள். சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி வருவது இதே ரோட்டில், அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் என்று மண்டகப்படிகளில் நின்று மூன்றுமாவடியில் எதிர்சேவை. அந்த நாட்களில் உங்கள் கார் நகராது, கடைக்குப் போவதை மறந்துவிடுங்கள். அம்மாவுக்கு ஒருவேளை இது ஒன்று பிடிக்கலாம்.

பாம்பு வரும். வயலை ஒட்டிய எல்லா வீட்டுக்கும் வரும், பயப்பட வேண்டாம், ராத்திரி டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்கக் கூடாது, தரையில் படுக்கக் கூடாது, கடித்தால் கட்டும் போடாமல், கீறவும் செய்யாமல் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பாதிக்கு மேல் விற்றுவிட்டது என்பதை நல்ல சேதியாக எழுதியிருக்கிறீர்கள். விற்றது சரி, குடி வந்தது எத்தனை? ஒரு வார நாளில் ராத்திரி எட்டு மணிக்குப் போய் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறவர்கள் முதலீடாக வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள்தான் இப்படிப்பட்ட இடங்களில் நிறைய. அவர்கள் பராமரிப்புப் பணம் சரியாகக் கட்ட மாட்டார்கள், சங்கக் கூட்டத்துக்கும் வர மாட்டார்கள். அப்போது செக்யூரிட்டி சம்பளம், ஜெனரேட்டர் டீசல், நீச்சல் குளம் எல்லாம் குடியிருக்கிற பத்துப் பதினைந்து வீட்டின் தலையில் விழும். கடைசியில் நீச்சல் குளத்தை மூடுவார்கள், பிறகு ராத்திரி செக்யூரிட்டி ஒரு ஆளாகக் குறையும். சங்கம் பதிவாகியிருக்கிறதா, பில்டர் எப்போது கணக்கை ஒப்படைப்பார், முன்பணமாக வாங்குகிற பராமரிப்புத் தொகை யார் பெயரில் வங்கியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். மக்கள் இல்லாத குடியிருப்பில் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தும் பயன் இல்லை, கூப்பிட்டால் எட்டிப்பார்க்க ஆள் வேண்டும்.

திரும்ப விற்பதும் எளிதில்லை. ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்து ஊருக்கு வெளியே வாங்குகிறவர்கள் மதுரையில் குறைவு, அந்தக் குறைவான ஆட்களும் பழைய வில்லாவை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக வருகிற வில்லாவைத்தான் பார்ப்பார்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, முழுத் தொகைக்கும் பதிவானால் கிட்டத்தட்ட 15 லட்சம் அதற்கே போகும். பிடிக்கவில்லை என்று வெளியே வந்தால் அது திரும்பி வராது.

இப்போது அந்தச் சமையலறை. கடிதத்தில் ‘ஒரே அடுப்பில் இருக்கிறோம்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். இரண்டு குடும்பம், வளர்ந்த பிள்ளைகள், பழைய வீட்டின் பொது நடை, ஒரு பாத்ரூமுக்கு வரிசை. உங்களுக்கும் மனைவிக்கும் உண்மையில் வேண்டியது தனிக்குடித்தனம் என்றால், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அதற்காகப் பதினேழு கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. இதே பணத்துக்கு, இதற்குக் குறைவாகவே கூட, கோ.புதூரிலோ மூன்றுமாவடியிலோ திருப்பாலை, அய்யர் பங்களா பக்கமோ நல்ல தனி வீடு கிடைக்கும். மூன்று பெட்ரூம்தான் வரும், தோட்டம் நாலு தொட்டியாகச் சுருங்கும், சரி. பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் வாசலுக்கு அருகில் வரும், பையன் தானாக டியூஷன் போவான், அம்மா நினைத்தால் சிம்மக்கல்லுக்கு வந்து தன் பழைய ஆட்களைப் பார்த்துவிட்டுப் போவார். என்னைக் கேட்டால் உங்கள் குடும்பத்துக்கு, அடுத்த ஆறேழு வருடத்துக்கு, இதுதான் சரி. மகள் கல்லூரிக்குப் போன பிறகு, கடையை ஆள் வைத்துப் பார்க்கிற நிலை வந்த பிறகு, நீங்களும் மனைவியும் மட்டும் என்றால் அழகர்மலைக் காற்று எங்கும் ஓடிவிடாது.

தம்பிக்கும் உங்களுக்கும் பூர்வீக வீட்டில் பங்கு பற்றிப் பேச்சு நடக்கிறது என்றால், வில்லாவுக்குப் பணம் புரட்டுகிற அவசரத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சிம்மக்கல்லில் அரை சென்ட் என்ன விலை என்று உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். வக்கீலை வைத்துத் தனியாக, நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம் அது.

இவ்வளவும் படித்த பிறகும் அந்த வில்லாதான் வேண்டும் என்றால், அதே குடியிருப்பிலோ பக்கத்திலோ பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்றை ஆறு மாதம் வாடகைக்கு எடுங்கள். சொந்தக்காரர்கள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள், வாடகையும் வீட்டு விலைக்கு ஒப்பிட்டால் குறைவாகவே இருக்கும், அது குறைவாக இருப்பதிலிருந்தே அந்த இடத்துக்கு உண்மையான தேவை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை இருந்து பார்த்தால் வெயில், தண்ணீர், திருவிழா, பள்ளி திறப்பு எல்லாம் வந்துவிடும். அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். வாரத்தில் எத்தனை தடவை அவர் கேட்டைத் தாண்டி வெளியே போனார் என்பதை மட்டும் மனைவியைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

அந்த 5 லட்சத்தைப் பற்றி. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாமல் இந்த அளவுள்ள திட்டத்தில் முன்பதிவே வாங்கக் கூடாது, ஆகவே எண்ணை வாங்கி ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டுமென்றால் முதலில் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். 5 லட்சம் அந்த வரம்புக்குள் வருவதால்தான் வெறும் புக்கிங் ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அந்த ஃபாரத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில், நீங்கள் வேண்டாம் என்றால் எவ்வளவு பிடித்துக்கொண்டு எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்று இருக்கும். அதைப் போட்டோ எடுத்து, தானப்பத்திரம், லேஅவுட் அனுமதி, எஃப்.எம்.பி. நகல்களோடு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.